டிரேவருக்கு மட்டும் விழுந்த ஓவர்டிரைவ்

என் மனைவியின் தம்பி டிரேவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஏர்போர்ட் டாக்சியிலிருந்து பெட்டியைக்கூட இறக்காமல் நேராகப் போய் எங்கள் பெரிய வண்டியின் பானட்டைத் தடவிக் கொடுத்தான். வாசலில் நின்ற அக்காவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற என்னையும் பார்க்கவில்லை.

"டாடி வண்டி எப்படி இருக்கு மச்சான்?" என்பதுதான் முதல் வார்த்தை.

டாடி வண்டியாம். வாங்கியது அவன் டாடிதான், இல்லையென்று சொல்லவில்லை. கோலார் தங்கவயலில் வேலை முடிந்து சீமைக்குப் போன ஒரு சுரங்க அதிகாரியிடம் என் மாமனார் வாங்கிய அமெரிக்க கார் அது. ஐம்பத்துமூன்றாம் வருஷத்து மாடல், பாட்டில் பச்சை, முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒற்றை சீட்டு. ஆனால் மாமனார் போய்ச் சேர்ந்து, மகன் ஆஸ்திரேலியாவில் கல்கூர்லியில் சுரங்க லாரி ரிப்பேர் பார்க்கப் பறந்துபோன பிறகு, அந்த வண்டியைப் பெங்களூர் ஜோகுபாளையத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பாடுபட்டவன் யார்? இந்த யூஜின். எங்கள் சந்தில் அதை நிறுத்தினால் ஸ்கூட்டர் போகத்தான் இடமிருக்கும். எதிர்வீட்டு வெங்கி தினமும் ஒரு தரம், "ஏன் சார், இது காடியா மனெயா?" என்று கன்னடத்தில் கேட்பான். வண்டியா வீடா என்று கேட்கிறான். அவன் வாயைக் கேட்டுக்கொண்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, தார்ப்பாய் போட்டு மூடியவன் நான். இவன் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வீடியோ காலில் வண்டியைக் காட்டச் சொல்லுவான், அவ்வளவுதான்.

இந்தத் தடவை அவன் வந்தது என் மகள் மோனிகாவின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை பிரசன்னா அவளோடு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பையன், அவனும் தங்கவயல் குடும்பம்தான். எனக்கும் மேரிக்கும் எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்ததோ அதே தங்கவயல் மாதா கோயிலில்தான் தனக்கும் நடக்கவேண்டும், அதற்குப் பெரிய வண்டியில்தான் போகவேண்டும் என்று மோனிகா ஒரே பிடிவாதம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மகளை என் வண்டியில் நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்குவேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன்போல ஆகிவிட்டேன்.

மேரிதான் முட்டுக்கட்டை போட்டாள். "போன தடவ கோலார் போறப்போ நரசாபுரா கிட்ட கொதிச்சு நின்னுச்சே, மறந்துட்டீங்களா? கல்யாணப் பொண்ணு பட்டுக் கவுனோட ரோட்டுல நிக்கணுமா? இன்னோவா சொல்லிடுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வண்டிக்கு மூன்றே கியர். ஊருக்குள் ராஜா மாதிரி போகும். ஹைவேயில் அறுபதைத் தாண்டினால் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், சூடேறும், பிறகு ரேடியேட்டரில் ஆவிதான். அதற்காகத்தான் வண்டியைச் செய்தவர்களே அதில் ஓவர்டிரைவ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கியருக்கு மேலே ஒரு கியர் மாதிரி. அது விழுந்துவிட்டால் சக்கரம் அதே வேகத்தில் ஓடும், இன்ஜின் மட்டும் மூச்சு வாங்காமல் மெதுவாகச் சுற்றும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி இருக்கிறது. உள்ளே தள்ளினால் ஓவர்டிரைவ் வேலை செய்யவேண்டும், வெளியே இழுத்தால் சாதாரண வண்டி. என் கைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கைப்பிடி வெளியேதான் கிடந்தது. உள்ளே தள்ளிப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஊருக்குள் ஓட்ட அது எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

டிரேவர் இதைக் கேட்டதும் சட்டையைக் கழற்றினான். "ஓவர்டிரைவ சரி பண்ணிட்டா கோலார் என்ன, மெட்ராஸே போலாம்கா. நான் பாக்கறேன்."

நான் பார்க்கிறேனாம். ஜெனரேட்டர், யு.பி.எஸ். ரிப்பேர் செய்து பிழைக்கிற எலக்ட்ரீஷியன் ஒருவன் வீட்டிலேயே இருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாம பாக்கலாம்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு என் டெஸ்டரை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

வேலை என்னவோ நேரானதுதான். கியர் பாக்ஸின் பக்கத்தில் சொலினாய்டு என்று கரண்டில் வேலை செய்கிற ஒரு டப்பா இருக்கிறது. கரண்ட் வந்தால் அது உள்ளே ஒரு கம்பியைத் தள்ளும், ஓவர்டிரைவ் மாட்டிக்கொள்ளும். அதற்குக் கரண்டை அனுப்புவது பானட்டுக்குள் இருக்கிற ரிலே. இப்போது அனுப்பு என்று ரிலேக்குச் சொல்வது கவர்னர், அதாவது வண்டி நாற்பத்தைந்தைத் தாண்டியதும் தானாக ஆன் ஆகிற ஒரு சுவிட்ச். நான் கீழே படுத்து பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நேராகச் சொலினாய்டுக்குக் கொடுத்தேன். டக் என்று கல் போட்ட மாதிரி சத்தம் வந்தது. சொலினாய்டு உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் கோளாறு ரிலேயில் அல்லது அதற்கு வருகிற ஒயரில். அதைச் சொல்ல நான் வெளியே வருவதற்குள் டிரேவர் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

"மோனி, ஒரு தடவ ஹார்ன் அடி" என்றான்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த மோனிகா ஹார்னை அமுக்கினாள். என் வண்டியின் ஹார்ன் சாதாரண ஹார்ன் இல்லை. இரட்டை ஊதுகுழல், அடித்தால் அல்சூர் வரை கேட்கும். சிவாஜிநகர் குஜ்ரிக் கடைகளில் பழைய இரும்புக் குவியலைக் கிளறித் தேடிப் போட்டது.

"இன்னொரு தடவ." அடித்தாள். டிரேவர் ரிலேமேல் விரலை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "மச்சான், நீங்க ஹார்ன் அடிக்கறப்பல்லாம் ஓவர்டிரைவ் ரிலே துடிக்குது."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரட்டை ஹார்னுக்கு நேராக ஒயர் கொடுத்தால் சுவிட்ச் கருகும், நடுவில் ஒரு ரிலே வேண்டும். சும்மா கிடந்த ரிலே ஒன்று கண்ணில் பட்டது, அதை ஹார்னுக்குத் திருப்பிவிட்டேன். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் கேட்கிறேன். பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஹார்ன் முக்கியமா, ஓவர்டிரைவ் முக்கியமா? கல்கூர்லியில் கங்காருவைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறவனுக்கு இது புரியாது. ஆனால் மோனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேரி வெளியே வந்து என்னவென்று கேட்டுச் சிரித்தாள். வெங்கிகூட மொழி புரியாமலே சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹார்னுக்கு வேறு ரிலே போட்டு, பழையதை அதன் வேலைக்கே திருப்பிக் கொடுத்தேன். கவர்னர் ஒயரை பாடியில் தொட்டால் ரிலே சொடுக்கியது, கீழே சொலினாய்டு டக்கென்றது. அதோடு முடியவில்லை. கைப்பிடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற கேபிள் தளர்ந்திருந்ததையும் நான்தான் கண்டுபிடித்தேன். கைப்பிடி முழுக்க உள்ளே போனாலும் கீழே இருக்கிற லீவர் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. ரிலேயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று காலரைத் தூக்கிக்கொண்டிருந்த டிரேவர் இதைப் பார்க்கவே இல்லை. மண்ணும் கிரீசும் முகத்தில் கொட்ட, நான் படுத்தபடியே அதை இழுத்து முடுக்கினேன். எழுந்து வந்து பார்த்தால் மோனிகா டிரேவருக்கு ஜூஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "மாமா செம்ம, வந்த ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாரு" என்று பிரசன்னாவிடம் போனில் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, அதில் ஐஸ் கரைந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹொஸ்கோட்டை வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் மேரி, பின்னால் டிரேவரும் மோனிகாவும். கே.ஆர். புரம் பாலம் தாண்டி ரோடு கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டு வேகமெடுத்தேன். நாற்பத்தைந்து. ஐம்பது. அறுபது. ஒன்றும் விழவில்லை. இன்ஜின் வழக்கம்போலக் கத்தியது. இன்னும் அழுத்தினேன், இன்னும் கத்தியது.

"மச்சான், அது வந்து..." என்று பின்னாலிருந்து டிரேவர் ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியும், இரு" என்றேன். டோல் வரை அழுத்தினேன். ரேடியேட்டர் முள் ஏறியதுதான் மிச்சம்.

"அப்பா, மாமா ஒருவாட்டி ஓட்டிப் பாக்கட்டுமே" என்றாள் மோனிகா. மகள் சொல்லிவிட்டாள், என்ன செய்வது? ஓரமாக நிறுத்தி இறங்கினேன். டிரேவர் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்சோடு ஏறி உட்கார்ந்தான். நான் பின்னால் போய் மோனிகா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் என் கண் முழுக்க முன்னால் இருந்தது. அவன் ஓட்டினான். ஐம்பது வந்தது. கீழே டக் என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் இன்ஜினின் கத்தல் அப்படியே அடங்கிவிட்டது. வண்டி அதே வேகத்தில், ஏதோ தண்ணீரில் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"விழுந்துடுச்சு!" என்று மோனிகா எழுந்து முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மாமா, நீங்களே ஓட்டிடுங்களேன் கல்யாணத்தன்னிக்கு. ப்ளீஸ் ப்ளீஸ்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு செங்கல் லாரி போனது. அதைப் பார்த்தபடியே இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஓட்டினால் விழுகிறது, நான் ஓட்டினால் விழவில்லை. ஒரே வண்டி, ஒரே ரோடு. அவனுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன? கவர்னரைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். வண்டிக்குக்கூட மாமனார் ரத்தம் தெரிகிறதா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. அதை நான் நம்பவில்லை. ஆனாலும் அது மனசைவிட்டுப் போகவில்லை. அவனிடமே கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்லியிருப்பான். அதற்கு நான் அவன் காலில் விழுந்திருக்கலாம்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க, கல்யாண வீடு" என்றாள் மேரி. "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, அவன் பல்லுதான் ஊருக்கே தெரியுதே" என்றேன். கோபம் வந்தால் மனைவியின் தம்பி 'உங்க தம்பி' ஆகிவிடுவான், அவளும் 'நீங்க' ஆகிவிடுவாள்.

புதன்கிழமை டிரேவர் அழைப்பிதழ் கொடுக்க வண்டியை எடுத்தபோது, சும்மா வருகிறேன் என்று சொல்லி முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சந்தாபுராவில் இருந்த சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை கொடுக்க ஓசூர் ரோட்டில் போனோம். அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். தங்கவயல் பிள்ளைகள் யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கதை. நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டி ஐம்பதைத் தொட்டது. அப்போது பார்த்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தான். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம், அவ்வளவுதான். கீழே டக் என்றது. மறுபடி காலை வைத்தான்.

இவ்வளவுதானா? இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கிறவரை அது மாட்டாது. காலைத் தளர்த்தினால்தான் உள்ளே இருக்கிற பற்கள் ஒன்றோடொன்று சேர இடம் கிடைக்கும். நானோ விழவில்லை விழவில்லை என்று மேலும் மேலும் அழுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. இதைச் சொல்லத்தானே அன்றைக்கு வாயைத் திறந்தான். நான் மூடச் சொன்னால் மூடிக்கொண்டே இருப்பானா? இரண்டாவது தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

மறுநாள் விடிந்ததும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஹொஸ்கோட்டை ரோட்டுக்குப் போனேன். ஐம்பது. காலை எடுத்தேன். டக். இன்ஜின் அடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ரோட்டில் போன ஒரு பால் வண்டிக்காரனைப் பார்த்துக் கையாட்டினேன். அவனும் ஆட்டினான். திரும்பி வந்து இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஓவர்டிரைவ் எனக்கும் விழுது. கல்யாணத்தன்னிக்கு நான்தான் ஓட்டுவேன். இதுல ஒரு பேச்சு வேண்டாம்."

டிரேவர் சண்டைக்கு வருவான் என்று நினைத்து நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவன் இட்லியை மென்றுகொண்டே, "ஓட்டுங்க மச்சான். உங்க பொண்ணு, உங்க வண்டி" என்றுவிட்டான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. மேரி மட்டும் சட்னிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இல்ல, நீங்க ஓட்டினா அப்புறம்..." என்று ஆரம்பித்தாள். "உங்க தம்பிக்கு வக்காலத்து வாங்காதீங்க" என்று அவள் வாயையும் அடைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நானும் மோனிகாவும் வண்டிக்கு ரிப்பன் கட்டினோம். அவளுக்கு இரண்டு கையிலும் மருதாணி, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் கட்டினேன். கடைசி முடிச்சைப் போடும்போது, "அப்பா, நாளைக்கு நீங்கதான் ஓட்டியே ஆகணுமா?" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. இன்னும் மாமன்மேல்தான் ஆசை. "உன் மாமனைவிட நல்லாவே ஓட்டுவேன். பயப்படாத" என்றேன்.

"அதில்லப்பா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரிப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

காலையில் சந்து முழுக்கக் கூட்டம். நான் சாம்பல் நிற சூட்டில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மோனிகா வெள்ளைக் கவுனில் வெளியே வந்தபோது வெங்கியே கைதட்டினான். மேரி அவளைப் பின்சீட்டில் ஏற்றி, கவுனை மடித்து உள்ளே வைத்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேரி மகள் பக்கத்தில் ஏறுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. ஆனால் மேரி நிமிர்ந்து, "டிரேவர், நீ ஏறு. நான் சாமான்களோட இன்னோவால முன்னாடி போயிடறேன், அங்க மாப்பிள்ள வீட்டுக்காரங்கள நான்தானே கவனிக்கணும். பொண்ணு பக்கத்துல அப்பா உக்காரணும், அப்பா இல்லேன்னா தாய்மாமன் உக்காரணும்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். மேரியை அவள் அப்பா இதே பின்சீட்டில், இதே கோயிலுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தார். அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் யாரென்று எனக்கு ஞாபகமே இல்லை. டிரேவர் கதவைத் திறந்து ஏறி, என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது இறங்கி நான் ஓட்டவில்லை என்று சொல்ல முடியுமா? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வீம்பு பிடித்து வாங்கிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

முன்சீட்டில் என் பக்கத்தில் வீடியோக்காரன் முகேஷ். அவன் கேமராவோடு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். "அங்கிள், உங்க தோள் ஃபிரேம்ல வருது, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ங்க" என்றான். சாய்ந்தேன்.

ஹொஸ்கோட்டை தாண்டியதும் ஐம்பது. காலை எடுத்தேன், டக் என்று அழகாக விழுந்தது. மோனிகா குதிப்பாள் என்று காத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் டிரேவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா? ஓவர்டிரைவ்!" என்றேன்.

"சூப்பர்ப்பா" என்றாள் மோனிகா. "ம், அப்புறம் என்னாச்சுன்னா மாமா..." என்று தொடர்ந்தாள்.

இன்ஜின் அவ்வளவு அமைதியாக ஓடியும் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. மோனிகா குரலைத் தாழ்த்தியிருந்தாள், ஜன்னல் காற்று வேறு. நரசாபுரா போனது, முள் ஏறவேயில்லை. வண்டி அவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை. கண்ணாடியில் டிரேவர் தலையாட்டினான், மோனிகா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள், டிரேவர் கைக்குட்டையால் மை கலையாமல் ஒற்றி எடுக்கிறான்.

"என்னம்மா? என்னாச்சு?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க ரோட்டப் பாருங்க."

"அங்கிள், தோள்" என்றான் முகேஷ்.

தங்கவயல் கோயில் வாசலில் ரோடு சரிவாக இறங்குகிறது. கீழே பேண்டுக்காரர்கள் வரிசையாக நின்று வாசிக்கிறார்கள். இத்தனை வருஷமாகச் செய்கிறபடி முதல் கியரில் போட்டு இன்ஜினை அணைத்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி முன்னால் உருண்டது. பேண்டுக்காரர்கள் அலறி விலகினார்கள். நான் பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். அப்போதுதான் புரிந்தது. ஓவர்டிரைவ் கைப்பிடி உள்ளே இருந்தால், வேகம் குறைந்ததும் சைக்கிளில் மிதிக்காமல் போகிற மாதிரி சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். சரிவில் கியர் அதைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் இந்த வண்டியில் பேருக்குத்தான். நின்ற வண்டியில் கைப்பிடியை வெளியே இழுத்துப் பார்த்தேன், சிக்கிக்கொண்டு வரவில்லை. காலை எடுத்தால் டிரம்பெட்காரன் மேல்தான் ஏறவேண்டும். என் மகள் பின்கதவால் இறங்குகிறாள், நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

டிரேவர்தான் அவளைக் கைபிடித்து இறக்கினான். கவுனின் வாலை எடுத்துத் தோழிகளிடம் கொடுத்தான். அவளைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனான். முகேஷ் அதையெல்லாம் ஒன்று விடாமல் படம் பிடித்தான். பியானோ ஆரம்பித்துவிடுமோ, இவனே அவளை உள்ளே கூட்டிக்கொண்டு நடந்துவிடுவானோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவனை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

டிரேவர் திரும்பி என்னைப் பார்த்தான். அவள் கையை மெல்ல விடுவித்துவிட்டு ஓடி வந்தான். கோயில் சுவரோரம் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கி, புது சூட்டோடு மண்ணில் முட்டிபோட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் அண்டை கொடுத்தான். "நான் பாத்துக்கறேன். போங்க மச்சான், அவ நிக்கறா."

நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. ஓடினேன். வாசலில் மோனிகா தனியாக நின்றிருந்தாள். என் கை கிரீசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நீட்டினேன். அவள் கையைக் கோத்துக்கொண்டாள். வலை முக்காட்டுக்குள் கண் இன்னும் சிவந்திருந்தது.

"எதுக்கும்மா அழுத வண்டில?"

"இன்னிக்கு வண்டில நீங்க பக்கத்துல உக்காருவீங்க, அப்ப சொல்லலாம்னு நெறைய வெச்சிருந்தேன்பா" என்றாள். "நீங்க ஓட்டப் போயிட்டீங்க. எல்லாத்தையும் மாமாகிட்டயே சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லு. எனக்கும் சொல்லு."

"இப்ப எப்படிப்பா? ஃபாதர் வந்துட்டாரு."

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். பீடத்தின் முன்னால் பிரசன்னா நின்றுகொண்டிருந்தான். நான் முடிந்தமட்டும் மெதுவாக நடந்தேன், மேரி முன் பெஞ்சிலிருந்து சீக்கிரம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள். மோனிகாவை அவனிடம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து டிரேவர் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டியபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் மகள் என்னிடம் சொல்ல வைத்திருந்ததெல்லாம் இவனிடம் இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட ஆள்தான். அவனுக்கு உட்கார இடம் போதவில்லை என்று கொஞ்சம் நகர்ந்து கொடுத்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.